அங்கே ஓடிச்சே... இங்கே ஏன் ஓடலை?



நாற்று நடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? நாற்றங்காலில் நெல்லை விதைப்பார்கள். முளைத்து வளர்ந்த நாற்றைப் பறித்து, முடி முடியாகக் கட்டி, வயலுக்குக் கொண்டு போய் நடுவார்கள். நட்ட மறுநாள் போய்ப் பாருங்கள். பயிர் எல்லாம் வாடி, தலை சாய்ந்து நிற்கும். 'ஐயோ, அத்தனையும் செத்துப் போச்சே!' என்று புதிதாகப் பார்ப்பவர் பதறுவார். விவசாயி சிரிப்பார். "மண்ணு மாறியிருக்குல்ல? வேர் பிடிக்கட்டும்" என்பார்.

கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும் இதே கதைதான். ஒரு கம்ப்யூட்டரில் ஜோராக ஓடிய புரோகிராம், வேறு வகைக் கம்ப்யூட்டருக்குப் போனதும் வாடி விடும். அதை மறுபடி வேர் பிடிக்க வைப்பது ஒரு கலை. அந்தக் கலையை எனக்குக் கற்றுக் கொடுத்தவள், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி. 35 வருடம் வாத்தியாராக இருந்த நான், இப்போது அவளிடம் மாணவன்!

வாய்ப்பாடு விளையாட்டு

எங்கள் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் லினக்ஸ் போட்டிருக்கிறார்கள். பேத்தி அதில் சி மொழியில் ஒரு விளையாட்டு எழுதினாள். திரையில் '7 பெருக்கல் 8' என்று ஒரு கணக்கு தோன்றும். யோசிக்க ஐந்து விநாடி. பிறகு கணக்கு மறைந்து, விடையைக் கேட்கும். சரியாகச் சொன்னால் மதிப்பெண்.

பக்கத்துத் தெருவில் ஒரு தொடக்கப்பள்ளி. அங்கே நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு என்றாலே பயம். "திங்கட்கிழமை சாயங்காலம் உங்களுக்கு என் விளையாட்டைக் கொண்டு வர்றேன்" என்று பேத்தி வாக்குக் கொடுத்து விட்டாள். தலைமையாசிரியையும் சரி என்று விட்டார்.

அங்கேதான் வந்தது வினை. பள்ளிக் கம்ப்யூட்டர்களில் இருந்தது விண்டோஸ் 10!

"ஒரே சி மொழிதானேம்மா? அப்படியே ஓடாதா?" என்று கேட்டேன்.

"ஓடாது தாத்தா. திரும்பக் கம்பைல் பண்ணணும்" என்றாள்.

சி மொழியின் கதை

சி மொழியை உருவாக்கியவர் டென்னிஸ் ரிட்சி. அமெரிக்காவின் பெல் ஆய்வுக் கூடத்தில் 1970-களின் தொடக்கத்தில் இதை வடிவமைத்தார். 1973-இல் யுனிக்ஸ் என்ற இயக்க முறையையே சி மொழியில் திருத்தி எழுதினார்கள். அதற்கு முன்பு இயக்க முறைகளைப் பெரும்பாலும் அந்தந்த இயந்திரத்தின் பாஷையிலேயே எழுதுவார்கள். இயந்திரம் மாறினால் முதலிலிருந்து எழுத வேண்டும்! சி வந்த பிறகு, ஒருமுறை எழுதியதைச் சின்னச் சின்னத் திருத்தங்களோடு வேறு இயந்திரத்துக்குப் பெயர்த்து நடலாம் என்றானது.

கவனியுங்கள். 'திருத்தமே வேண்டாம்' என்று யாரும் சொல்லவில்லை. 'சின்னத் திருத்தம்' என்றுதான் சொன்னார்கள்.

நாம் எழுதும் சி புரோகிராம் கம்ப்யூட்டருக்கு நேரடியாகப் புரியாது. அதை இயந்திர பாஷைக்கு மொழிபெயர்க்கும் வேலையைச் செய்வதுதான் கம்பைலர். ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாக மொழிபெயர்க்கும். பிறகு லிங்கர் என்று இன்னொருவர் வருவார். பாடம் பாடமாக அச்சான தாள்களைச் சேர்த்து, தைத்து, அட்டை போட்டுப் புத்தகம் ஆக்குகிறாரே, பைண்டிங் செய்பவர்... அவர் மாதிரி. கம்பைலர், லிங்கர் இருவர் வேலையும் முடிந்தால்தான் ஓடக்கூடிய புரோகிராம் கிடைக்கும். இரண்டையும் சேர்த்து 'பில்டு' என்கிறார்கள்.

சனிக்கிழமை காலை. என் இளைய மகனின் விண்டோஸ் மடிக்கணினியை வாங்கிக் கொண்டு வந்தாள் பேத்தி. அதில் மைக்ரோசாப்டின் விஷுவல் ஸ்டுடியோ இருந்தது. நானும் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக் கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

காணாமல் போன கோப்பு

தொடங்குவதற்கு முன்பே முதல் தடை! மூன்று கோப்புகளைச் சுருக்கி ஒரே மூட்டையாகக் கொண்டு வந்திருந்தாள். மூட்டையை விண்டோஸில் பிரித்தால் இரண்டுதான் வந்தது. மூன்றாவதை வாங்கிக் கொள்ளவே மாட்டேன் என்று அடம் பிடித்தது.

அந்தக் கோப்பின் பெயர் என்ன தெரியுமா? ஏ, யு, எக்ஸ் என்ற மூன்று எழுத்து, பிறகு புள்ளி, சி. துணை வேலைகளை எல்லாம் அதில் வைத்திருந்ததால், 'துணை' என்று பொருள் தரும் ஆங்கிலச் சொல்லைச் சுருக்கி அப்படிப் பெயர் வைத்திருந்தாள்.

அது விண்டோஸ் ஏற்கெனவே வேறு ஒருவருக்குக் கொடுத்து விட்ட பெயர்! 1981-இல் வந்த டாஸ் காலத்திலிருந்தே சில பெயர்கள் கருவிகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை. சி-ஓ-என் என்றால் விசைப்பலகையும் திரையும். பி-ஆர்-என் என்றால் அச்சு இயந்திரம். ஏ-யு-எக்ஸ் என்றால் துணைக் கருவி. என்-யு-எல் என்றால் எதைப் போட்டாலும் மறைந்து போகும் ஒரு வெற்றுக் குழி. அந்தப் பழைய வழக்கத்தை விண்டோஸ் விடவில்லை. லினக்ஸுக்கு இப்படி ஒரு வழக்கமே கிடையாது.

தீர்வு? லினக்ஸுக்குத் திரும்பிப் போய், அந்தக் கோப்புக்கு ஆங்கில எழுத்தில் 'துணை' என்று தமிழ்ப் பெயரே வைத்து விட்டாள். மூன்றும் சமர்த்தாக வந்து சேர்ந்தன.

கிடைக்காத பட்டியல்

பில்டு பொத்தானை அழுத்தினாள். சிவப்பு எழுத்தில் ஒரு பிழை. எண் சி1083. 'யூனிஸ்டிடி புள்ளி எச் என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை' என்றது.

எச் என்று முடியும் இந்தக் கோப்புகளுக்குத் தலைப்புக் கோப்பு என்று பெயர். இன்னின்ன வேலைக்கு இன்னின்ன ஆள் இருக்கிறார் என்று சொல்லும் பட்டியல் இது. யூனிஸ்டிடி என்பது யுனிக்ஸ் வீட்டுப் பட்டியல். லினக்ஸும் யுனிக்ஸ் வழியில் வந்ததால் அங்கேயும் அது உண்டு. மைக்ரோசாப்ட் கம்பைலரிடம் அந்தப் பட்டியல் கிடையாது.

"அந்தப் பட்டியலிலிருந்து நீ யாரைக் கூப்பிட்டாய்?" என்று கேட்டேன்.

"ஸ்லீப் மட்டும்தான் தாத்தா. ஐந்து விநாடி காத்திருக்கச் சொல்ற வேலை."

விண்டோஸிலும் அந்த வேலைக்கு ஆள் உண்டு. அவர் பெயரும் ஸ்லீப்தான்! லினக்ஸில் முதல் எழுத்து சின்ன எழுத்து. விண்டோஸில் பெரிய எழுத்து. அவ்வளவுதான் வித்தியாசம் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். (இந்த வரியை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்!)

லினக்ஸுக்கு ஒரு புரோகிராம், விண்டோஸுக்கு ஒரு புரோகிராம் என்று இரண்டாக எழுதத் தேவையில்லை. 'இது விண்டோஸாக இருந்தால் இந்த வரியை எடுத்துக்கொள். இல்லாவிட்டால் அந்த வரியை எடுத்துக்கொள்' என்று ஒரே கோப்பில் எழுதி வைக்கலாம். இஃப்டெஃப் என்ற கட்டளை அதற்குத்தான் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் 'மாப்பிள்ளை வீட்டார் இந்தப் பஸ், பெண் வீட்டார் அந்தப் பஸ்' என்று போடுவது மாதிரி! ஸ்லீப்புக்கும், திரையைத் துடைக்கும் கட்டளைக்கும் பேத்தி இப்படியே எழுதினாள்.

இருபத்தேழு பிழை!

மறுபடி பொத்தான். இந்த முறை 27 பிழைகள்! திரை முழுக்கச் சிவப்பு. பேத்தியின் கண்ணில் நீர் கட்டி விட்டது. "ஒண்ணு இருந்துச்சு. சரி பண்ணினா 27 ஆயிடுச்சு. எனக்கு இது வராது தாத்தா" என்றாள்.

எனக்கு சி மொழி தெரியாது. ஆனால் கணக்கு நோட்டுத் திருத்தத் தெரியும். ஒரு பையன் கணக்கில் முதல் வரியில் 6 என்பதை 9 என்று எழுதி விட்டால், அடுத்த பத்து வரியும் தப்பாகத்தான் வரும். அதற்காக அவன் பதினொரு தப்பு செய்தவன் ஆவானா?

"முதல் பிழையை மட்டும் பாரும்மா. மற்ற 26-ஐக் கையால் மறைச்சுக்கோ" என்றேன்.

முதல் பிழை, முதன்மைக் கோப்பின் தொடக்கத்தில் ஒரு வரியைக் காட்டியது. அந்த வரியை நாலு தடவை படித்தாள். தப்பே இல்லை! அதற்கு முந்தின வரியில், அவளே எழுதிய தலைப்புக் கோப்பை உள்ளே அழைத்திருந்தாள். அந்தக் கோப்பைத் திறந்து கடைசி வரியைப் பார்த்தால்... ஓர் அரைப்புள்ளியைக் காணோம்! திருத்தம் செய்யும்போது கை தவறி அழித்திருக்கிறாள்.

சி மொழியில் அரைப்புள்ளி என்பது நம் வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி மாதிரி. அது இல்லாததால் கம்பைலர் ஒரு கோப்பின் கடைசி வாக்கியத்தை அடுத்த கோப்பின் முதல் வாக்கியத்தோடு சேர்த்துப் படித்து, தலைகால் புரியாமல் 27 முறை கத்தியிருக்கிறது. அரைப்புள்ளியை வைத்தாள். பொத்தானை அழுத்தினாள். அந்த 27-ம் மாயம்!

கம்பைலர் காட்டும் வரி எண், அது தடுக்கி விழுந்த இடம். கல் கிடப்பது சில சமயம் அதற்கு ஒரு படி முன்னால் இருக்கும்.

திட்டுகிறதா, எச்சரிக்கிறதா?

அடுத்து வந்த பிழை சி4996. பெயரைப் படிக்க அவள் பயன்படுத்திய ஸ்கேன்எஃப் 'ஆபத்தானது' என்றது. லினக்ஸில் எழுதும்போது யாரும் இப்படிச் சொல்லவில்லையே என்று பேத்திக்குக் கோபம்.

காரணம் இருக்கிறது. பெயருக்கென்று அவள் 20 எழுத்துக்கு மட்டும் இடம் ஒதுக்கியிருந்தாள். யாராவது 40 எழுத்தை அடித்தால்? இரண்டு படிப் பானையில் நாலு படி பால் ஊற்றின கதைதான். வழிந்து போய்ப் பக்கத்தில் இருக்கும் விவரங்களை எல்லாம் கெடுத்து விடும். 'எச்சரிக்கையை நிறுத்து' என்று கம்பைலரிடம் சொல்ல ஒரு வழி இருக்கிறது. ஆனால் அவள் அப்படிச் செய்யவில்லை. ஒதுக்கிய இடத்துக்கு மேல் ஓர் எழுத்தைக்கூட வாங்காதபடி, அளவு சொல்லிப் படிக்கும் எஃப்கெட்ஸ் என்ற வேறு கட்டளைக்கு மாற்றினாள். அது இரண்டு இடத்திலும் வேலை செய்யும்.

பைண்டிங்கில் காணாத பக்கம்

கம்பைலர் ஓய்ந்தது. லிங்கர் ஆரம்பித்தது! எல்என்கே2019 என்ற எண்ணோடு இரண்டு புகார்.

முதல் புகார், துணைக் கோப்பில் இருக்கும் வேலைகளைக் காணோம் என்றது. பெயர் மாற்றினாளே, அந்தக் கோப்பை விஷுவல் ஸ்டுடியோவின் பட்டியலில் சேர்க்க மறந்து விட்டாள். பொருளடக்கத்தில் ஐந்தாம் பாடம் இருக்கிறது. தைக்க வந்த தாள்களில் ஐந்தாம் பாடத்தைக் காணோம். பட்டியலில் சேர்த்ததும் அது தீர்ந்தது.

இரண்டாவது புகார், ஸ்டிரகேஸ்கம்ப் என்பவரைக் காணோம் என்றது. பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ, எப்படி அடித்தாலும் ஒரே பெயர்தானா என்று ஒப்பிட்டுச் சொல்பவர் அவர். லினக்ஸில் உண்டு. மைக்ரோசாப்டில் அதே வேலைக்கு வேறு பெயர்: முன்னால் ஓர் அடிக்கோடு, பிறகு ஸ்டிரிகம்ப்.

இங்கே ஒரு பாடம். இதைப் பற்றிக் கம்பைலர் முன்பே சொல்லியிருந்தது! 'இந்தப் பெயரில் யாரையும் எனக்குத் தெரியாது. இருப்பதாக நினைத்துக் கொள்கிறேன்' என்று சி4013 என்ற எச்சரிக்கை மஞ்சள் அடையாளத்தோடு வந்திருந்தது. சிவப்புக்குப் பதறின நாங்கள் மஞ்சளை மதிக்கவில்லை. தெருமுனை சிக்னலில் மஞ்சளைப் பார்த்ததும் வேகத்தைக் குறைக்க வேண்டாமா?

கடைசியாக என் மகன் ஒரு யோசனை சொன்னான். "பில்டு பண்ணும்போது தேவையான நூலகத்தையும் உள்ளேயே சேர்த்துக் கட்டிடு. பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் அது இருக்கும்னு நம்பாதே" என்றான். போகிற ஊரில் சாப்பாடு கிடைக்குமோ கிடைக்காதோ என்று கட்டுச்சோறு கட்டிக் கொண்டு போவோமே, அது மாதிரி! அதையும் செய்தாள்.

இரவு ஒன்பதரை மணி. பொத்தானை அழுத்தினாள். பிழை பூஜ்ஜியம்! எச்சரிக்கை பூஜ்ஜியம்! கறுப்புத் திரையில் விளையாட்டு தோன்றி, பெயரைக் கேட்டது.

"தாத்தா! பேரு கேட்குது! ஓடுது!" என்று குதித்தாள். "போதும், போய்ப் படுங்க" என்று பாட்டி விளக்கை அணைத்தாள். ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டுக் கல்யாணம். 'கணக்குப் போட்டால் சரிபார்' என்று 35 வருடம் பிள்ளைகளிடம் சொன்ன நான், அன்றைக்கு என் பேத்தியிடம் சொல்ல மறந்தேன்.

திங்கட்கிழமை

பள்ளி விட்டதும் பிள்ளைகள் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்கள். முதலில் ஒரு பையன் உட்கார்ந்தான். ஏழாம் வாய்ப்பாடு என்றால் அழுகிற பையன் என்று டீச்சர் என் காதில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படித்து விட்டு வந்திருக்கிறானாம்.

பெயரை அடித்தான். திரையில் ஏதோ மின்னியது. உடனே விடையைக் கேட்டது.

பையன் விழித்தான். ஏதோ ஓர் எண்ணைத் தட்டினான். தப்பு. மறுபடி ஒரு மின்னல். மறுபடி விடை கேட்டது. தப்பு. மூன்றாவது முறையும் தப்பு. பின்னால் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் மெல்ல எழுந்தான். "எனக்குக் கணக்கு வராதுக்கா" என்று சொல்லி விட்டு, பையை மாட்டிக் கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய் விட்டான்.

பேத்தி அப்படியே நின்றாள். பிறகு நேராக அவனிடம் போனாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "தம்பி, உன் மேல தப்பு இல்ல. என் புரோகிராம்லதான் தப்பு. கணக்கை உனக்குக் காட்டவே இல்லை. நாளைக்குச் சரி பண்ணிட்டு வர்றேன். நீதான் முதல்ல விளையாடணும்."

என்ன தப்பு? அந்த ஸ்லீப்தான்! லினக்ஸின் ஸ்லீப் விநாடியில் எண்ணும். விண்டோஸின் ஸ்லீப் மில்லி விநாடியில் எண்ணும். அதாவது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு! 5 என்று எழுதினால் லினக்ஸில் ஐந்து விநாடி. விண்டோஸில் கண் இமைப்பதற்குள் முடிந்து விடும். 5000 என்று எழுதியிருக்க வேண்டும்.

கம்பைலருக்கு இது தெரியவில்லையா? தெரியாது. எழுதிய வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. 'ஐந்து மைல் போ' என்பதற்குப் பதில் 'ஐந்து அடி போ' என்று எழுதினால், தமிழாசிரியர் அதில் எந்தப் பிழையைத் திருத்துவார்?

குழந்தைகளே, சிவப்பில் கத்தும் பிழை நமக்கு நண்பன். சத்தமே போடாமல் உள்ளே ஒளிந்திருப்பதுதான் எதிரி. அது ஒரு பிள்ளையிடம் போய், 'உனக்குக் கணக்கு வராது' என்று பொய் சொல்லி விட்டது பாருங்கள்!

ஒளிந்திருந்த இன்னொன்று

அன்று இரவு பேத்தி விளையாட்டின் ஒவ்வொரு பகுதியையும் ஓட்டிப் பார்த்தாள். நானும் பக்கத்தில் பேப்பரில் கணக்குப் போட்டு ஒப்பிட்டேன். விளையாட்டின் கடைசியில் 'சதுரங்க நெல்' என்று ஒரு சுற்று உண்டு. முதல் கட்டத்தில் 1 நெல். அடுத்த கட்டத்தில் 2. பிறகு 4, 8, 16 என்று 40 கட்டம் வரை இரட்டிப்பாகும். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஓடியது. விண்டோஸில் 32-ஆவது கட்டத்தில் விடை 'மைனஸ் 2147483648' என்று வந்தது! நெல் எப்படி மைனஸ் ஆகும்?

அவள் அந்த எண்ணை 'லாங்' என்ற டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். 64 பிட் லினக்ஸில் லாங் டப்பாவின் அளவு 8 பைட். 64 பிட் விண்டோஸில் அது 4 பைட்தான்! அதில் கொள்ளக்கூடிய மிகப் பெரிய எண் 2147483647. அதற்கு மேல் ஒன்று கூடினாலும் பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99999-க்குப் பிறகு சுற்றித் திரும்புவது மாதிரி திரும்பி, மைனஸில் போய் நிற்கும். 'லாங் லாங்' என்று எழுதினால் இரண்டிலும் 8 பைட். அப்படியே மாற்றினாள். 40-ஆவது கட்டத்தில் 549755813888 என்று சரியாக வந்தது. என் பேப்பரிலும் அதே எண்!

ராக்கெட்டே வெடித்தது!

'நெல் கணக்கில் மைனஸ் வந்தால் என்ன குடி முழுகி விடும்?' என்று கேட்கிறீர்களா? 1996 ஜூன் 4 அன்று நடந்ததைக் கேளுங்கள்.

தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானா என்ற பகுதி இருக்கிறது. அங்கே கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதல் முறையாகக் கிளம்பியது. ஏறக்குறைய 37 விநாடியில் திசை மாறியது, உடைந்து வெடித்தது. அதில் மனிதர்கள் யாரும் இல்லை. கிளஸ்டர் என்ற நான்கு அறிவியல் செயற்கைக் கோள்கள் அழிந்தன.

விசாரித்ததில் தெரிந்தது இது: ராக்கெட் எந்தப் பக்கம் போகிறது என்று கணிக்கும் புரோகிராமைப் பழைய ஏரியன் 4-இல் இருந்து அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். பழைய ராக்கெட்டில் அது வருடக் கணக்காகச் சரியாக வேலை செய்தது. புதிய ராக்கெட்டோ அதைவிட வேகம். ஒரு பெரிய எண் வந்தது. அதைப் போட வேண்டிய டப்பா 16 பிட் டப்பா. 32767 வரைதான் கொள்ளும். எண் கொள்ளவில்லை, கணிக்கும் கருவி நின்று விட்டது. ராக்கெட் வழி தவறியது.

அந்தப் புரோகிராம் சி மொழியில் எழுதியதல்ல. ஏடா என்ற மொழி. ஆனால் பாடம் ஒன்றுதான். பழைய இடத்தில் ஓடியது புதிய இடத்திலும் ஓடும் என்று நம்பி விடாதே. ஓட்டிப் பார்! விஞ்ஞானிகள் சோர்ந்து விடவில்லை. மறுபடி நான்கு கிளஸ்டர் கோள்களைச் செய்து, 2000-ஆம் ஆண்டில் வெற்றிகரமாக அனுப்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை

மறுநாள் அந்தப் பையன் வர மாட்டேன் என்றான். பேத்தி அவன் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தாள். திரையில் '7 பெருக்கல் 8' என்று வந்தது. நின்றது. ஐந்து விநாடி. அவன் உதடு முணுமுணுத்தது. 56 என்று தட்டினான். சரி! அடுத்தது, சரி! பத்துக்கு எட்டு எடுத்து விட்டு, எங்களைத் திரும்பிப் பார்த்தான். அந்தச் சிரிப்பை இன்னும் நான் மறக்கவில்லை.

பேத்தி தன் மேசைக்கு மேலே ஒரு தாள் ஒட்டி வைத்திருக்கிறாள். உங்களுக்கும் உதவும்:

1. எத்தனை பிழை வந்தாலும் முதல் பிழையை மட்டும் பார்.
2. பிழைச் செய்தியை முழுசாகப் படி. கோப்பின் பெயர், வரி எண், பிழை எண் மூன்றும் அதில் இருக்கும்.
3. காட்டிய வரியில் தப்பு இல்லையென்றால் அதற்கு முன்னால் பார்.
4. மஞ்சள் எச்சரிக்கையையும் மதி.
5. ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருத்தம். உடனே பில்டு செய்.
6. பெயர் ஒன்றாக இருந்தால் வேலையும் ஒன்று என்று நினைக்காதே.
7. பிழை பூஜ்ஜியம் ஆனதும் வேலை முடிவதில்லை. ஓட்டிப் பார்.

எட்டாவதாக நான் ஒன்று எழுதி வைத்தேன்: 'தப்பு நம்முடையது என்றால் உடனே ஒத்துக்கொள்.'

பெட்டிச் செய்தி: டைப்ரைட்டர் விட்ட வால்!

நான் சின்ன வயதில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனவன். வரி முடிந்ததும் ஒரு நெம்புகோலைத் தள்ள வேண்டும். இரண்டு வேலை நடக்கும். உருளை வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும். காகிதம் ஒரு வரி மேலே ஏறும். டெலிபிரிண்டரில் இந்த இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளை இருந்தது. ஆஸ்கி அட்டவணையில் திரும்புவதற்கு எண் 13. ஏறுவதற்கு எண் 10. விண்டோஸ் கோப்புகளில் வரி முடிந்தால் இன்றும் 13, 10 இரண்டையும் எழுதும் வழக்கம். லினக்ஸில் 10 மட்டும் போதும். விண்டோஸில் எழுதிய கோப்பை லினக்ஸில் திறந்தால், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு 13 ஒட்டிக் கொண்டிருக்கலாம். பார்க்க ஒன்றாக இருக்கும் இரண்டு சொற்களைக் கம்ப்யூட்டர் 'வேறு வேறு' என்று சொன்னால், இந்த வாலைத் தேடுங்கள்!

செய்து பாருங்கள்: விண்டோஸ் கம்ப்யூட்டரில் புதிய ஃபோல்டர் ஒன்றைத் திறந்து, அதற்கு ஆங்கிலத்தில் சி, ஓ, என் என்ற மூன்று எழுத்தைப் பெயராக வையுங்கள். என்ன நடக்கிறது? ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும். தம்பி தங்கைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்!